புரொப்பலர் சாப்ட் எண்டா என்ன, தமிழ்ல என்னெண்டு சொல்றது: ஜீப்ப உயர்த்தி அக்சில் மாத்துற ஆக்களுக்கு ஒரு சொல் விளக்கம்

நம்மட பக்கத்துக் கராஜுக்குள்ள போய் நிண்டா எல்லாத்துக்கும் ஒரே பேர்தான், சாப்ட். கியர் பொக்ஸ் பக்கமிருந்து பின்னால டிபரன்சலுக்கு (பலத்த ரெண்டு பக்கச் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்சக்கரப் பெட்டி) ஓடுற நீளக் குழாயும் சாப்ட், டிபரன்சலுக்குள்ள இருந்து சில்லுக்குப் போற கம்பியும் சாப்ட், சில நேரம் முழு அக்சிலையே சாப்ட் எண்டு சொல்லிருவாங்க. வாகனம் கொம்பனியில இருந்து வந்த மாதிரியே இரிக்கும்வரைக்கும் இதால ஒண்டும் வராது, கையக் காட்டினா விளங்கிரும். ஆனா குடும்பிமலைப் பக்கமோ பாணமை தாண்டி ஒகந்தைப் பக்கமோ ஓடுறதுக்கெண்டு ஜீப்ப உயர்த்தி, அடியில வேறொரு வாகனத்துட அக்சிலையும் கொண்டுவந்து போட்டுட்டு, மறுகா பழைய வாகனச் சாமான் விக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போன் எடுத்து டிரைவ் சாப்ட் ஒண்டு வேணும் எண்டு கேட்டா, அங்க இருந்து எது வரும் எண்டு ஆருக்கும் தெரியாது. அமெரிக்கன் வழக்குல டிரைவ் சாப்ட் எண்டா அந்த நீளக் குழாய். பிரிட்டிஷ் வழக்குல அதுக்குப் பேர் புரொப்பலர் சாப்ட், அவங்க டிரைவ் சாப்ட் எண்டு சொல்றது பெரும்பாலும் சில்லுக்குப் போறதத்தான். நாம பிரிட்டிஷ் சொல்லோட வளந்த ஆக்கள், இப்ப வீடியோ பாக்கிறது முழுக்க அமெரிக்கன்ட, அதால ரெண்டும் நம்மட வாயில கலந்து போச்சு.

புரொப்பலர் எண்ட சொல் லத்தீன்ல இருந்து வந்தது, புரோ எண்டா முன்னுக்கு, பெல்லெரே எண்டா தள்ளுறது. கப்பலுக்குத்தான் முதல்ல இந்தப் பேர் பொருந்திச்சு. 1836ல பெட்டிட் ஸ்மித் எண்ட இங்கிலீஷ்காரரும் எரிக்சன் எண்ட சுவீடன்காரரும் தனித்தனியா திருகு புரொப்பலருக்குக் காப்புரிமை எடுத்தாங்க, தண்ணிக்குள்ள சுத்துற அந்தத் திருகுதான் கப்பலத் தள்ளுது, அதைச் சுத்துற கம்பி புரொப்பலர் சாப்ட். மோட்டார் வாகனம் வந்தாப்பிறகு எஞ்சின் பக்கமிருந்து பின்னால போற தண்டுக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு, வாகனத்துல புரொப்பலர் எண்டு ஒரு சாமானே இல்லாட்டியும். சாப்ட் எண்டது பழைய இங்கிலீஷ்ல ஈட்டிட காம்பு.

அக்சில் வேற கதை. இங்கிலீஷ் அக்சிலும் லத்தீன் அக்சிஸும் வடமொழி அக்ஷவும் ஒரு வேர்ல வந்த சொல்லுகள், நம்மட அச்சும் அந்த அக்ஷ வழியா வந்ததெண்டுதான் அகராதிக்காரர் சொல்றாங்க. வந்த வழி எதுவானாலும் சங்க காலத்துலயே அது நம்மட வண்டியில பூட்டியாச்சு. புறநானூறு 102ல ஔவையார் பாடுற இடத்தப் பாருங்க, உப்பு விக்கிற உமணர் வண்டியில பாரம் கூட ஏத்திருக்கு, பள்ளத்துல இறங்குமோ மேட்டுல ஏறுமோ போற இடத்துல என்ன வருமெண்டு ஆருக்குத் தெரியும் எண்டு, வண்டிக்கு அடியில இன்னொரு அச்சக் கட்டிக்கொண்டு போறாங்க. அதுக்குப் பேர் சேம அச்சு. காட்டுப்பாதைக்குப் போற ஒவ்வொரு ஜீப்காரனும் மனப்பாடம் பண்ணவேண்டிய பாட்டு அது. ஸ்பெயார் எண்டதுக்கு சேமம் எண்ட சொல் ரெண்டாயிரம் வருசமா நம்மட கையில இரிக்கு, எடுத்துப் பாவிக்கத்தான் ஆளில்ல. இன்னொண்டு, அக்சிலுக்கு அச்சாணி எண்டு எழுதுறது பிழை, அச்சாணி எண்டது சில்லு கழண்டு போகாம அச்சுட நுனியில குத்துற முளை. வண்டி அச்சுக்கு இருசு எண்டும் ஒரு சொல் இரிக்கு, அதுவும் நல்ல சொல்தான்.

அப்ப அந்த நீளக் குழாய்க்குத் தமிழ்ல என்ன? புரொப்பலர் எண்டதப் பாத்து அப்படியே பெயர்த்து உந்துதண்டு எண்டு எழுதுற ஆக்கள் இரிக்கிறாங்க, எனக்கு அது ஒத்துக்கொள்ளல்ல, ஏனெண்டா இந்தத் தண்டு எதையும் உந்துறதில்ல, கிறுகுது, அவ்வளவுதான். கிறுகிக் கிறுகி எஞ்சின்ட பலத்த அச்சுக்குக் கொண்டுபோய் வாகனத்தச் செலுத்துது. அதால செலுத்துதண்டு எண்டதுதான் சரி. சில்லுக்குப் போறது அரைத்தண்டு, ரெண்டு பக்க அரைத்தண்டையும் உள்ளுக்கு வெச்சு வாகனத்துட பாரத்தத் தாங்குறது அச்சு. நடுவுல மூட்டு வேலை செய்யிற யுனிவர்சல் ஜொயின்டுக்கு சிலுவைமூட்டு எண்டு சொல்லலாம், உள்ளுக்க இரிக்கிற இரும்புத் துண்டு சிலுவை மாதிரித்தானே, குறொஸ் எண்டு கேட்டாலே கடையில அதுதான் வரும்.

அச்சு மாத்தினாப்பிறகு செலுத்துதண்டப் பூட்டுறதுலதான் இந்த வேலைட முழுக் கஷ்டமும் இரிக்கு. பழைய தண்டு பொருந்தாது. வாகனம் உயர்ந்ததால சரிவு கூடிருக்கும், புது அச்சுட பினியன் (செலுத்துதண்டு வந்து பூட்டுற பல்லுத் தண்டு) நீளமாவோ குட்டையாவோ இரிக்கும், பக்கவாட்டில தள்ளியும் இரிக்கலாம், தண்ட போல்ட் போட்டுப் பூட்டுற தகடான பிளாஞ்சுல ஓட்டை இடமும் மாறிருக்கும். அளவெடுக்கிறது எப்ப எண்டா, எஞ்சின், பொடி, டாங்க், டயர் எல்லாம் ஏறி வாகனம் தன்ட முழுப்பாரத்தோட சமதரையில நிக்கிற நேரம். ஜாக்கில தூக்கி அச்சு தொங்குற நேரம் அளந்தா தண்டு நீளமா வந்திரும், பிறகு பள்ளத்துல விழுந்து ஸ்பிரிங் அமுங்கக்குள்ள நடுவில இரிக்கிற, நீண்டு சுருங்குற ஸ்லிப் ஜொயின்ட் போய் முட்டி, பலத்த முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கிற ட்ரான்ஸ்பர் கேஸயே உடைச்சுப் போடும். முழுசா அமுங்கின நிலையிலயும் ஒரு 25 மில்லிமீற்றராவது உள்ள போக இடம் மிச்சம் இரிக்கோணும், முழுசாத் தொங்கின நிலையிலயும் அந்த ஜொயின்ட்ட பல்லு வெட்டு, ஸ்பிளைன், வடிவா உள்ளுக்க பிடிச்சிருக்கோணும், இத கணக்குப் போட்டு விடாம அச்ச மேலயும் கீழயும் எடுத்துக் கண்ணால பாருங்க.

இனி கோணம். கார்டானோ எண்ட இத்தாலிக்காரர் 16ஆம் நூற்றாண்டுல எழுதின மூட்டுதான் இந்தச் சிலுவைமூட்டு எண்டதால கார்டன் மூட்டு எண்டும் சொல்வாங்க. இதுட குணம் என்னெண்டா, வளைஞ்சு நிண்டு சுத்தக்குள்ள மற்றப் பக்கம் ஒரே வேகத்துல சுத்தாது, ஒரு சுத்துக்கு ரெண்டு தரம் கூடிக் குறையும். 10 பாகை வளைவுல அந்த வித்தியாசம் நூத்துக்கு ஒண்டரைதான், 30 பாகைக்குப் போனா வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையில ஆடும். அந்த ஆட்டத்த மற்ற முனையில இரிக்கிற மூட்டுதான் திருப்பி அழிக்கோணும், அதுக்கு ட்ரான்ஸ்பர் கேஸ்ல இருந்து வெளிய வாற தண்டும் பினியனும் ஒண்டுக்கொண்டு சமாந்தரமா நிக்கோணும், செலுத்துதண்டுட ரெண்டு முனையிலயும் சிலுவையப் பிடிக்கிற கவையும் ஒரே நேர்ல இரிக்கோணும். லேத்துல வெட்டி ஒட்டக்குள்ள இந்தக் கவை நேரத் தவறவிட்டா எவ்வளவு பலன்ஸ் பண்ணினாலும் நடுக்கம் போகாது, அதால வெட்டமுதல் குழாய்ல ஒரு நேர்கோடு கீறி வெச்சிருங்க. வயல்ல ட்ரக்டருக்கு ரொட்டவேட்டர் பூட்டிப் பழகின ஆக்களுக்கு இது புதுசில்ல, அதுலயும் ரெண்டு சிலுவைமூட்டும் நீண்டு சுருங்குற குழாயும்தான், சுத்த விட்டபடியே ரொட்டவேட்டர உயரத் தூக்கினா கடகட எண்டு அடிக்கிறது இதாலதான்.

ஆகக் கூட உயர்த்தினா சாதாரண மூட்டு தாங்காது. அப்ப ட்ரான்ஸ்பர் கேஸ் பக்கம் ரெண்டு சிலுவை சேந்த ரெட்டைச் சிலுவைமூட்டு போடுவாங்க, அங்க கணக்கு வேற, சமாந்தரம் வேணாம், பினியன் நேரா தண்டப் பாத்து நிக்கோணும், பின் அச்செண்டா ஒண்டு ரெண்டு பாகை கீழ விட்டு, ஏனெண்டா வாகனம் இழுக்கக்குள்ள பினியன் மேல கிளம்பும். லீஃப் ஸ்பிரிங் வாகனத்துல இத ஆப்பு மாதிரிச் சரிஞ்ச தகடு வெச்சுச் சரிபண்ணலாம், கூடத் தேவையெண்டா ஸ்பிரிங் குந்துற இடத்த வெட்டித் திரும்ப வெல்ட் பண்றதுதான் உறுதி. முன் அச்சுல இது லேசில்ல. பினியன மேல கிறுக்கினா காஸ்டர் (ஸ்டியரிங்க நேரா நிக்க வெக்கிற முன்சில்லுப் பக்கச் சரிவு) குறைஞ்சு ஸ்டியரிங் ஒரு நேரா நிக்காது, காத்தான்குடி றோட்டுல போகக்குள்ளயே அலையும். முன் அச்சுல ஒண்ட விட்டுக்குடுக்கவேண்டி வந்தா நான் காஸ்டரத்தான் காப்பாத்துவன், முன் தண்டு அநேகமா காட்டுல மெதுவாத்தானே சுத்தும், நடுக்கத்தத் தாங்கலாம், ஸ்டியரிங் அலையிறது உசிர்ப் பிரச்சினை.

பூட்டக்குள்ள பிளாஞ்ச் போல்ட் நட்டு புதுசாப் போடுங்க, பலம் கூடினதா, லொக் நட்டா. மாரியில தண்ணிக்குள்ள இறக்கி ஓடினா வந்த உடன சிலுவைமூட்டுக்கும் ஸ்லிப் ஜொயின்டுக்கும் கிரீஸ் அடிங்க, பழைய கிரீஸ் சேத்தோட வெளிய வாறவரைக்கும். லேத்துக்குக் குடுக்கிற துண்டுல வெறும் சாப்ட் எண்டு எழுதாம இப்பிடி எழுதுங்க: முன் செலுத்துதண்டு, மூட்டு நடுவில இருந்து மூட்டு நடுவுக்கு இத்தின மில்லிமீற்றர், வாகனம் தரையில நிக்கிற நிலையில எடுத்த அளவு, ஸ்லிப் ஜொயின்ட் இவ்வளவு வெளிய.