பொன்மணிக்கு 110 நாளா?

கும்பகோணத்தில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுபவன் நான். சில வருஷங்களுக்கு முன் டெல்டா உழவர் குழு ஒன்றுக்கு நெல் ரகங்களின் விவரத் தொகுப்பை சி பிளஸ் பிளஸில் செய்து கொடுத்தேன். ஒருநாள் குழுவின் பெரியவர் போன் செய்தார். "தம்பி, பொன்மணிக்கு 110 நாள்னு காட்டுது. பொங்கலுக்கு அறுக்கலாம்னு நாத்து விட்டா, மாசியிலதான் கதிர் முத்தும்." பொன்மணி சுமார் 155 நாள் ரகம். 110 நாள் என்பது குறுவைக்கு விடும் ஆடுதுறை 36-இன் வயது.

ஃபைலில் 155 என்று சரியாகத்தான் இருந்தது. கோளாறு மெமரியில்.

இப்படிப்பட்ட தொகுப்பில் ஒவ்வொரு செய்தியும் மூன்று துண்டு: பொன்மணி, வயது, 155. இப்படி மூன்று துண்டாக எழுதும் முறையை ஆர்டிஎஃப் என்பார்கள். சி.ஆர். 1009, சாவித்திரி, பொன்மணி எல்லாம் ஒரே நெல் என்பதையும் இதிலேயே சொல்லிவிடலாம். ஒரே பெயர் ஆயிரம் இடத்தில் வரும் என்பதால், பெயர்களை ஓர் அகராதியில் வைத்து ஆளுக்கொரு எண் கொடுத்து, எண்களை மட்டும் சேமிப்போம். இடம் மிச்சம், தேடலும் வேகம். அந்த அகராதியில்தான் சறுக்கினேன். புது ரகங்கள் சேர்ந்து இடம் போதாமல் பட்டியல் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. என் பாயிண்டர், அதாவது மெமரியில் இடத்தைக் காட்டும் முகவரிச் சீட்டு, பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தது; அங்கே வேறு விவரம் வந்து உட்கார்ந்துவிட்டது. குத்தகை கைமாறிய வயலில் பழைய ஆள் போய் அறுத்த கதைதான். புரோகிராம் விழுந்திருந்தாலாவது அன்றே தெரிந்திருக்கும்.

அப்புறம் ரஸ்ட் என்ற இன்னொரு புரோகிராம் மொழியில் திருப்பி எழுதினேன். அதே தப்பை வேண்டுமென்றே செய்து பார்த்தேன், எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் விடவில்லை. ஒரு பட்டியலை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதை மாற்றக் கூடாது என்பது அங்கே சட்டம். குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் மெமரிக் கோளாறுகளே என்று அதன் குழு 2020-இல் சொன்னது. என் சறுக்கல் அந்தப் பெரிய குடும்பத்தில் ஒரு பொடியன்.

ஆனால் 'ரஸ்ட்' என்ற போர்டைப் பார்த்தே மயங்கிவிடாதீர்கள். ஆர்டிஎஃப் தொகுப்புகளைச் சேமித்துத் தேடித் தரும் ஆக்ஸிகிராஃப் ரஸ்ட்டில் எழுதியதுதான். வட்டில் சேமிக்க அது நம்பும் ராக்ஸ்டிபி என்ற சேமிப்பு நூலகம் சி பிளஸ் பிளஸில் எழுதியது. குற்றமில்லை, தெரிந்து எடுக்க வேண்டும். எந்த நூலகமானாலும் மூலநிரலில் 'அன்சேஃப்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. கம்பைலரின் காவல் தளர்ந்து, பொறுப்பு எழுதியவர் தலையில் விழும் இடம் அது.

சரி, நானே கை தவறி 110 என்று அடித்தால்? ரஸ்ட் அதையும் பத்திரமாக வைத்திருக்கும். அதனால் மேட்டூர் திறப்பதற்கு முன் பட்டியலை அந்தப் பெரியவருக்கு அனுப்பிவிடுகிறேன். போன தடவை இரண்டு பிழை பிடித்தார்.