காலைல அஞ்சு மணிக்குப் போட்ட பில்லுல நேத்துத் தேதி

அக்கா பையன் சத்தியமங்கலத்துல பூ யாவாரம் பண்றான். மல்லி மொட்டு விரியறதுக்குள்ள எடை போட்டுப் பெட்டி கட்டி வண்டி ஏத்தி விட்டறணும், அதனால அவனுக்குப் பொழுது தொடங்கறதே விடியக்காலம் நாலு மணிக்குத்தான். போன வாரம் போன் பண்ணி, "ஏனுங் மாமா, புது லேப்டாப்பு வாங்கினனுங்களா, காலைல அஞ்சு மணிக்குப் பில்லு போட்டா நேத்துத் தேதி விழுகுதுங்க, மணி பாத்தா ராத்திரி பதினொன்னரைங்குது. ரிப்பேர்க்காரரு மதர்போர்டு போயிருச்சு, மாத்தோணும், நாலாயிரம் ஆகும்ங்கறாருங்க"ன்னான்.

வாங்கி இருவது நாள் கூட ஆகல. நெம்ப வெசனத்துல இருந்தான். பூ அனுப்புன தேதி தப்பா இருந்தா வாங்கறவன் காசு குடுக்கறப்ப கணக்கு இடிக்கும்ல.

"அதுல லினக்ஸ் ஏதாவது இருக்குதா மாப்ள?"

"ஆமாங் மாமா, வாங்கறப்பவே உபுண்டுதானுங்க இருந்துச்சு, வெல கம்மின்னு எடுத்தனுங்க. பில்லு போடற சாப்ட்வேர் அதுல ஓடல, அப்புறம் விண்டோஸும் ஒட்டுக்கா போட்டாச்சு. ராத்திரி பாப்பா உபுண்டுல படிக்கும், காலைல நான் விண்டோஸ்ல பில்லு போடுவேன்."

உபுண்டுங்கறது லினக்ஸ்ல ஒரு வகை, விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டர ஓட்டற அடிப்படை சாப்ட்வேர், ஓஎஸ்னு சொல்லுவாங்க. மதர்போர்டுக்கு ஒண்ணும் ஆகலன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. அஞ்சு மணிக்குப் பதில் பதினொன்னரைன்னா சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி. கெட்டுப்போன கடியாரம் ஏழு நிமிசம் தப்பா காட்டும், மூணு வருசம் தப்பா காட்டும், கணக்கு வெச்ச மாதிரி அஞ்சரை மணி நேரம் தப்பா காட்டாது. அந்த அஞ்சரை நம்ம நாட்டோட நம்பர். லண்டன் பக்கம் கிரீன்விச்ல இருந்து 82.5 டிகிரி கிழக்கால இருக்கற கோட்டை வெச்சு நம்ம நாட்டு மணிய எடுத்துக்கறோம், 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம், வகுத்தா அஞ்சரை. இது 1906 ஜனவரி 1ல இருந்து நடக்குது.

புது ஓஎஸ்ஸுக்கு மாறறவங்க எல்லாரும் மொதல்ல தடுமாறது வேற விசயத்துல. சி டிரைவ் எங்க போச்சும்பாங்க, கட்டளை அடிக்கற டெர்மினல்ல கண்ட்ரோல் வி அடிச்சா பேஸ்ட் ஆகலம்பாங்க (ஷிப்டையும் சேத்து அமுக்கணும்), ஒரே பேருல ஒரு எழுத்தப் பெருசா மாத்துனா ரெண்டு தனி ஃபைலா எடுத்துக்குதும்பாங்க. இதெல்லாம் பத்து நாள்ல கை பழகிரும். மணி மாறறது மட்டும் எத்தன நாளானாலும் பழகாது, ஏன்னா தப்பு நம்ம கையில இல்ல, ஒரே கடியாரத்த ரெண்டு ஓஎஸ்ஸும் ரெண்டு விதமா படிக்குது.

லேப்டாப்ப ஆஃப் பண்ணி பீரோக்குள்ள வெச்சாலும் உள்ள ஒரு சின்னக் கடியாரம் ஓடிட்டே இருக்கும், ஆர்டிசின்னு சொல்லுவாங்க. நெறைய மதர்போர்டுல அதுக்குன்னே ஒரு காசு மாதிரி பேட்டரி இருக்கும், சிஆர்2032, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு, பேருலயே அளவு இருக்குது பாருங்க. அந்தக் கடியாரத்துல வருசம், மாசம், தேதி, மணி, நிமிசம், செகண்ட் இருக்கும். அது எந்த ஊரு மணிங்கற குறிப்பு மட்டும் இருக்காது.

1981ல வந்த ஐபிஎம் பிசில இந்தக் கடியாரமே கெடையாது, ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் தேதியும் மணியும் நாமளே அடிக்கணும், நாம கையில கட்டியிருக்கற வாட்ச்ச பாத்துத்தான அடிப்போம், அது உள்ளூர் மணி. 1984ல வந்த பிசி ஏடில பேட்டரி போட்ட கடியாரம் வந்துச்சு, அதுலயும் உள்ளூர் மணியே வெச்சாங்க, விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ் அப்படியே எடுத்துக்கிச்சு, விண்டோஸ் இன்னைக்கு வரைக்கும் அந்த வழியிலயே போகுது. யுனிக்ஸ்ங்கற பழைய ஓஎஸ் வழி வந்த லினக்ஸ் வேற மாதிரி: 1970 ஜனவரி 1 நடுராத்திரி கிரீன்விச்ல இருந்து எத்தன செகண்ட் ஆச்சுங்கறது மட்டுந்தான் அதுக்குக் கணக்கு, அதனால உள்ள இருக்கற கடியாரத்துல உலகப் பொது மணியான யூடிசிய வெச்சுட்டு நமக்குக் காட்டறப்ப மட்டும் அஞ்சரை கூட்டிக் காட்டும். கோயமுத்தூர்ல ஏறி சார்ஜால இறங்குனா விண்டோஸ் உள்ள இருக்கற கடியாரத்தையே திருத்தி எழுதணும், லினக்ஸ் கூட்டற நம்பர அஞ்சரைல இருந்து நாலா மாத்திக்கிட்டா போதும். எனக்கு லினக்ஸ் வழிதான் சரின்னு படுது.

இப்ப மாப்ள வூட்டுக் கதைக்கு வாங்க. ராத்திரி பாப்பா உபுண்டுல படிச்சுட்டு ஆஃப் பண்ணுச்சு, உள்ள இருக்கற கடியாரத்துல யூடிசி இருக்குது. காலைல நம்ம மணி அஞ்சு, யூடிசி முந்தின நாள் ராத்திரி பதினொன்னரை. விண்டோஸ் அதப் பாத்து இதுதான் இந்த ஊரு மணின்னு நெனச்சுக்குது, பில்லுல நேத்துத் தேதி விழுகுது. மார்க்கெட்டுல நெட்டு சரியா எடுக்காது, வூட்டுக்கு வந்து வைஃபைல சேந்தப்புறம் விண்டோஸ் நெட்டுல மணி கேட்டுத் திருத்தி உள்ளயும் உள்ளூர் மணிய எழுதிருது, பொழுதோட பாப்பா உபுண்டு போட்டா இப்ப மணி அஞ்சரை கூடக் காட்டும், உபுண்டு நெட்டுல கேட்டு மறுபடி யூடிசிய எழுதும். தெனமும் இதே.

இது வரைக்கும் கேட்டுட்டு மாப்ள வெச்சுட்டான். எனக்குத்தான் மனசு அந்தக் கடியாரத்த வுட்டு நகரல. பழைய ஓடாத வாட்ச் ஒண்ண எடுத்துப் பின்னாடி மூடியத் தொறந்தேன். லேப்டாப்புல இருக்கறதும் வாட்ச்ல இருக்கறதும் ஒரே சாமான்தான். அரிசிய விடக் கொஞ்சம் பெருசா, வெள்ளி நெறத்துல ஒரு குட்டி உருளை, ஒரு பக்கம் முடி மாதிரி ரெண்டு கம்பி. அந்த உருளைக்குள்ள காத்தே இல்ல, உறிஞ்சு எடுத்துட்டு மூடியிருப்பாங்க. உள்ள கவட்டை மாதிரி ரெண்டு கால் வெச்ச ஒரு கல்லு நிக்குது.

கல்லுன்னா நம்ம காட்டுல கெடக்கற வெங்கச்சாங்கல்லு இருக்குதே, அதே சிலிக்கான் டை ஆக்ஸைடு, குவார்ட்ஸ். அதுலயே கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தா படிகம்பாங்க. சென்னிமலைக்கு அக்கட்டால நொய்யல் கரைல கொடுமணல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே இந்தப் படிகத்தையும் பச்சைக்கல்லையும் அறுத்து மணி கோத்திருக்காங்க, தோண்டறப்ப மணியும் முடிக்காம வுட்ட துண்டும் கெடச்சிருக்குது. இப்ப கடியாரத்துக்குப் போடறது பூமில தோண்டி எடுக்கறது இல்ல, சூடும் அழுத்தமும் குடுத்துத் தொட்டிக்குள்ள வளத்தற சுத்தமான குவார்ட்ஸ்.

இந்தக் கல்ல அமுக்குனா அதோட ரெண்டு பக்கத்துலயும் மின்சாரம் தேங்கும். 1880ல பியர் கியூரியும் அவரோட அண்ணன் ஜாக்கும் கண்டுபுடிச்சாங்க, பியருக்கு அப்ப இருவத்தொரு வயசு. கேஸ் அடுப்பு பத்தவைக்கற லைட்டர அமுக்குனா டக்குனு பொறி வருதே, அதுலயும் இதே வேலதான், கல்லு மட்டும் வேற. அடுத்த வருசமே தலைகீழாவும் நடக்கும்னு தெரிஞ்சுது: கல்லுக்கு மின்சாரம் குடுத்தா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும்.

தூரி ஆட்டியிருப்பீங்க. புளியமரத்துல கட்டுன தூரில கொழந்தைய உக்கார வெச்சு, அது பின்னால வந்து திரும்பற அந்த நேரத்துக்கு லேசா ஒரு தள்ளு தள்ளுனா போதும், ஆடிட்டே இருக்கும், அவசரப்பட்டு நடுவால தள்ளுனா கெட்டுப் போகும். தூரிக்குன்னு ஒரு வேகம் இருக்குது, அதக் கவுறோட நீளம் முடிவு பண்ணுது, தள்ளற ஆளு இல்ல. அந்தக் கல்லுக் கவட்டையும் அப்படித்தான். கால் வளையறப்ப கல்லே லேசா மின்சாரம் தரும், பக்கத்துல இருக்கற சில்லு (சிப்) அத வாங்கிப் பெருசாக்கிச் சரியான நேரத்துல திருப்பிக் குடுக்கும், கால் மறுபடி வளையும். தூரிய ஆட்டறவன் தூரியப் பாத்துத்தான் தள்ளறான்ல, அதே மாதிரி கல்லே எப்பத் தள்ளணும்னு சொல்லுது.

ரெண்டு கால் எதுக்குங்கறதுதான் எனக்கு நெம்பப் புடிச்ச எடம். ஒத்தக் காலா இருந்தா அது ஆடறப்ப நட்டு வெச்ச அடியையும் சேத்து ஆட்டும், அந்த வழியா சக்தி கசிஞ்சு போயிரும். ரெண்டு கால் ஒரே சமயத்துல ஒண்ண ஒண்ணு பாத்து உள்ள வளைஞ்சு, ஒரே சமயத்துல வெளிய விரிஞ்சா, அடியில ஒண்ணோட இழுப்ப இன்னொண்ணு ரத்து பண்ணிரும், அடி அசையாது. காத்தும் இல்ல, அடியும் அசையல, சக்தி போறதுக்கு வழியே இல்லாததால ஒரு குட்டி பேட்டரில வருசக் கணக்கா ஆடிட்டே இருக்குது.

எத்தன தடவன்னா ஒரு செகண்டுக்கு 32,768. இந்த நம்பர மொதல்ல பாத்தப்ப இதென்ன கண்டபடி இருக்குதுன்னு நெனச்சேன், ஏன் 30,000 இல்ல? பாதியாக்கிட்டே வாங்க: 16,384, 8,192, 4,096, 2,048, 1,024, 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1. பதினஞ்சு தடவ பாதியாக்குனா மிச்சமே இல்லாம ஒண்ணுல வந்து நிக்குது. பாதியாக்கறதுக்குப் பெரிய கணக்கு மிசினு வேண்டாம், ஒரு தடவ அமுக்குனா முள்ளு வெளிய வந்து இன்னொரு தடவ அமுக்குனா உள்ள போற பேனா போதும், ரெண்டு அமுக்குக்கு ஒரு தடவதான் முள்ளு வெளிய வரும். சில்லுக்குள்ள அந்த மாதிரி மின்சாரப் பேனா பதினஞ்ச வரிசையா வெச்சு, ஒண்ணோட முள்ளு அடுத்தத அமுக்கற மாதிரி கட்டிட்டாங்க. கடைசிப் பேனா முள்ளு செகண்டுக்கு ஒரு தடவ எட்டிப் பாக்கும், அதுதான் கடியாரத்தோட டிக்கு. நம்பர் இன்னும் பெருசா இருந்தா பேட்டரி சீக்கிரம் தீரும், சின்னதா இருந்தா கவட்டை பெருசாகும், அதோட 20,000க்குக் கீழ போனா மனுசக் காதுக்குக் கேக்க ஆரம்பிச்சுரும்.

இந்தக் கல்லோட தெளிஞ்ச வகையத்தான் ஸ்படிக மாலைன்னு கழுத்துல போட்டுக்கறாங்க. அழகுக்குப் போடறவங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. இது அதிர்வு குடுக்கும், வியாதிய இழுத்துக்கும்னு சொல்லி ஆயிரக்கணக்குல வாங்கறாங்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்குது. மின்முனை பதிச்சு, அளவா வெட்டி, சில்லோட சேத்தாத்தான் இது நிக்காம அதிரும், உருண்டையா ஓட்டை போட்டுக் கோத்தா நெஞ்சுல சும்மாதான் கெடக்கும். இந்தக் கல்லுக்குள்ள இருக்கற நெசமான அதிசயத்த எட்டாங்கிளாஸ்ல ஒரு வாட்ச்ச பிரிச்சுக் காட்டுனாலே புரிய வெச்சறலாம்.

கல்லுலயும் கொறை இருக்குது. நல்ல சரக்குலயே பத்து லட்சத்துக்கு இருவது பங்கு வரைக்கும் தப்பலாம், நாளுக்கு ஒன்னே முக்கால் செகண்ட், மாசத்துல ஒரு நிமிசத்துக்குப் பக்கம். இந்தக் கவட்டைய 25 டிகிரில சரியா ஓடற மாதிரி வெட்டறாங்க, சூடு ஏறுனாலும் எறங்குனாலும் மெதுவாத்தான் ஆகும். கரூர் வெயில்ல 40 டிகிரில வெச்சா மத்த தப்போட இன்னும் மாசத்துக்கு இருவது செகண்ட் பிந்தும். அதனாலதான் எல்லா லேப்டாப்பும் நெட்டுல மணி கேட்டுத் திருத்திக்குது, அப்படிக் கேட்டுட்டே போனா கடைசில அணுக்கடியாரத்துல போய் நிக்கும். நம்ம நாட்டு மணிய டெல்லில இருக்கற தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் கடியாரம் வெச்சுக் காக்குது.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம நாட்டோட வழிகாட்டற செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ் 1ஏல வெளிநாட்டுல வாங்கி வெச்ச ரூபிடியம் அணுக்கடியாரம் மூணும் கெட்டு வழி சொல்ற வேலைக்கு ஆகாமப் போச்சு, அப்புறம் இங்கயே செஞ்ச ரூபிடியம் கடியாரம் 2023 மே 29ல என்விஎஸ் 01ங்கற செயற்கைக்கோள்ல மேல போச்சு. கியூரி அண்ணந்தம்பி 1880ல கல்ல அமுக்கிப் பாத்தப்ப யாருக்கும் அதனால காசு வரல, மொத குவார்ட்ஸ் கைக்கடியாரம் விக்கறதுக்கு வந்தது 1969 டிசம்பர் 25ல, ஜப்பான்ல, எம்பத்தொம்பது வருசம் கழிச்சு. இதனால என்ன லாபம்னு மூணு வருசத்துல கேட்டு ஆராய்ச்சிப் பணத்த வெட்டற வழக்கம் இருக்கற வரைக்கும் நாம அடுத்தவன் கடியாரத்தத்தான் வாங்கிட்டு இருப்போம்னு நான் நெசமாவே பயப்படறேன்.

சரி, மாப்ளைக்கு அப்புறமாச் சொன்ன வைத்தியம். விண்டோஸ் தன்னோட அமைப்புகள எழுதி வெச்சிருக்கற ரெஜிஸ்ட்ரில டைம் ஜோன் இன்ஃபர்மேஷன்ங்கற எடத்துல ரியல் டைம் இஸ் யுனிவர்சல்னு எடைவெளி இல்லாம (RealTimeIsUniversal) ஒரு புது டிவேர்டு, அதாவது நம்பர் வெக்கற பதிவு, உண்டாக்கி மதிப்பு 1 குடுத்துட்டா விண்டோஸும் யூடிசியாவே படிக்கும். ரெஜிஸ்ட்ரில கை வைக்கப் பயமா இருந்தா உபுண்டு டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1), அந்த ஒரு வரி போதும், உபுண்டு உள்ளூர் மணிக்கு எறங்கி வந்துரும். இது சரிப்பட்டு வராமப் போகலாம்னு ஒரு எச்சரிக்கை காட்டும், அது முக்கியமா வெயில்காலத்துல மணிய ஒரு மணி நேரம் தள்ளி வெக்கற நாட்டுக்கு, நமக்கு அந்தத் தொந்தரவு இல்ல. ரெண்டுல ஒண்ணுதான் பண்ணணும், ரெண்டையும் பண்ணுனா ரெண்டு பேரும் எடம் மாறி நின்னு மறுபடி அதே அஞ்சரை வந்துரும். பண்ணி முடிச்சுட்டு நெட்டுல சேத்து மணிய ஒரு தடவ சரி பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

வருசமே தப்பா காட்டுது, எந்த வெப்சைட்டும் தொறக்காம இணைப்பு பாதுகாப்பா இல்லைங்குதுன்னா அது வேற கேஸு, பேட்டரி தீந்திருக்கும்.

மாப்ள விண்டோஸ் பக்கம் மாத்துனான். அடுத்த நாள் காலைல 5.04க்கு எடுத்த பில்ல போட்டோ புடிச்சு அனுப்பியிருந்தான், மல்லி பன்னெண்டு கிலோ, முல்லை நாலு கிலோ, தேதி சரியா இருந்துச்சு. அடியில "பாப்பா அந்த வாட்ச்ச கேக்குதுங் மாமா, கல்லப் பாக்கோணுமாம்"னு எழுதியிருந்தான். ஞாயித்துக்கெழம எடுத்துட்டுப் போறேன்.