கிளிப்பச்சை எங்கே இருக்கிறது?

திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. அதனால் கொல்லை மேற்கே. அங்கே நிற்கும் கொய்யா மரத்துக்குத் தை மாதத்தில் கிளிகள் தவறாமல் வரும். சம்பா அறுப்புக்கு நிற்கும் நேரம். வயலுக்குப் போகிற வழியில் ஆளுக்கொரு பழம்.

கேமரா வாங்கியதும் முதலில் எடுத்தது அவற்றைத்தான். சாயங்காலம் எடுத்த படத்திலெல்லாம் கிளி கறுத்துக் கிடந்தது. சரி, எதிர்வெயிலில் எதுவும் கறுக்கத்தான் செய்யும். ஆனால் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து எடுத்தாலும் ஒரு வித்தியாசம்: கொய்யா இலை பச்சையாகப் பளபளத்தது, விரித்த கிளிவால் மட்டும் மங்கிய மஞ்சளும் பழுப்புமாகத் தெரிந்தது. இரண்டும் பச்சைதானே?

மரத்தடியில் கிடந்த இறகு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பார்த்தால் நல்ல பச்சை. அதையே சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் பச்சை காணாமல் போய்விடுகிறது. இறகை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். மனசு மட்டும் அதை விடவில்லை.

இலையின் பச்சை ஒரு சாயம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை விடுகிறது. வெளிச்சம் முன்னால் விழுந்தாலும் பின்னாலிருந்து ஊடுருவி வந்தாலும் பச்சைதான். கிளியிடம் பச்சைச் சாயமே கிடையாது. அதன் இறகு, நம் நகத்தைப் போலவே கெரட்டினால் ஆனது. இறகின் மெல்லிய இழைகளுக்குள் அந்தக் கெரட்டின் பஞ்சு போல, கண்ணுக்கே தெரியாத காற்றுப் பொந்துகளோடு இருக்கிறது. பொந்துகளின் அளவும் இடைவெளியும் நீல ஒளியை மட்டும் பலமாகத் திருப்பி அனுப்பும்படி அமைந்திருக்கின்றன. அடியில் இருக்கும் கறுப்பு மெலனின் மற்ற வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. மேலே ஒரு மஞ்சள் நிறமி. திரும்பி வரும் ஒளி அந்த மஞ்சளின் வழியாக வரும்போது நம் கண்ணுக்குப் பச்சை. திரும்பி வந்தால்தான் நிறம்; ஊடுருவிப் போகும் வெளிச்சத்தில் அந்த நீலம் இல்லை. கூண்டில் வளர்க்கிற கிளிகளில் அபூர்வமாக நீலக்கிளி பிறப்பதும் இதனால்தான்: மஞ்சள் நிறமி அமையவில்லை, அவ்வளவுதான்.

அந்த மஞ்சளும் சாதாரணமானதல்ல. கோடியக்கரைக்கு வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பு, அவை தின்னும் இரையிலிருந்து வருவது. கிளியோ சிட்டகோஃபுல்வின் என்ற நிறமியைத் தன் உடம்பிலேயே தயாரிக்கிறது. வேறு எந்தப் பறவைக் குடும்பத்திலும் இது இல்லை. நம் ஊர்க் கிளியான செந்தார்ப் பைங்கிளியின் ஆணுக்குக் கழுத்தில் ஓடும் ரோஜா நிற வளையமும் இந்த வகை நிறமிதான்.

கேமராவும் பச்சைக்குச் சாதகமானது. பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் நாலு கட்டத்துக்கு ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், இரண்டு பச்சை. பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கம் அதிகம் பார்க்கும் என்பதால் அப்படி வைத்தார்.

அப்புறம் நான் சாயங்காலம் எடுப்பதை விட்டேன். காலை எட்டு மணிவாக்கில் வெயில் ஓட்டுக்கூரையைத் தாண்டி என் முதுகுப்பக்கமிருந்து கொய்யா மரத்தில் விழும். கொல்லைக் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளேயே நிற்கிறேன். இலையும் பச்சை, கிளியும் பச்சை என்பதால் போகஸ் இலையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியில் வைத்துக் கண்ணைப் பிடிக்க வேண்டும். ஷட்டர் வேகம், கிளி உட்கார்ந்திருந்தால் 1/500 நொடி, பறக்கும்போது 1/1000 நொடியைவிட வேகமாக.

நேற்று ஓர் ஆண் கிளி பிஞ்சு ஒன்றை ஒரு காலால் பிடித்துக்கொண்டு, உருட்டி உருட்டிக் கொறித்தது. இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே இருப்பதால் அந்தப் பிடி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பிடரியில் நீலம் லேசாக எட்டிப் பார்க்கிறது. வாலின் நடு இறகுகளில் இன்னும் கூடுதலாக.