இடர்நேர்வு வரைபடம்: சொல்லும் பொருளும்

'வெள்ள அபாய வரைபடம்', 'வெள்ள அனர்த்த வரைபடம்', 'வெள்ள இடர் வரைபடம்' என்னும் மூன்றையும் நாம் வேறுபாடின்றி எழுதிவருகிறோம். 'பிளட் ரிஸ்க் மேப்' (flood risk map) என்பதற்கு இம்மூன்றுமே சரியான ஈடு அல்ல.

'அபாயம்' வடசொல்; விலகிப்போதல் என்னும் அடிப்பொருளிலிருந்து இழப்பு, அழிவு என விரிந்தது. 'அனர்த்த'மும் வடசொல்லே. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பெயரிலேயே அது இருப்பதால், தமிழ்நாட்டார் 'பேரிடர்' என்றாலும், இலங்கையில் அதை இனி அசைப்பது கடினம். ஆயினும் அது நேர்ந்துவிட்ட கேட்டைக் குறிக்குமேயன்றி நேரக்கூடியதைக் குறிக்காது. 'இடர்' பழந்தமிழ்ச் சொல். 'இடரினும் தளரினும்' என்று சம்பந்தர் துன்பம் என்ற பொருளில் பாடினார். இன்றைய புவியியலில் அது கேடு விளைக்கவல்ல இயற்கை நிகழ்வுக்கு வழங்குகிறது.

'ரிஸ்க்' இத்தாலியத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்கு இலங்கை வங்கித்துறையில் வழங்கும் 'இடர்நேர்வு' என்பதே வெள்ளத்துக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. 'நேர்ந்தது' என்றால் 'யாருக்கு?' என்று கேட்காமல் இருக்க முடியாது. நான்காம் வேற்றுமை தானாகவே வந்து நிற்கிறது. அபாயம் ஆளில்லாக் காட்டிலும் இருக்கலாம், நேர்வுக்கு ஓர் ஆள் வேண்டும்.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதன் கிளையே வெருகல் ஆறு. மாரிகாலத்தில் மலைநாட்டில் கொட்டும் மழையால், வெருகலில் வானம் வெளுத்திருக்கும் நாளிலும் இங்கே ஆறு கரைமீறக்கூடும். அது இடர். (மழை மட்டுமே காரணம் என்றும் இல்லை; 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது.) வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தில் வீடும் வயலும் இருப்பது ஆட்படுகை. அவை எவ்வளவு எளிதில் கெடும் என்பது ஊறுபடுநிலை. இம்மூன்றும் சேர்ந்ததே இடர்நேர்வு.

வெருகலுக்கு அண்மையில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில், ஆற்றின் இருகரையும் நீலம் பூசிய வரைபடமொன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நெடுநேரம் பார்த்திருந்த முதிய பெண்ணொருவர், "தம்பி, எங்கட வீட்டுக்கும் அந்த மாடி வீட்டுக்கும் ஒரே நீலந்தான் அடிச்சிருக்கு. எங்கட மண்சுவர் ரெண்டு நாள் தண்ணி நிண்டாக் கரைஞ்சிரும், அவையளுக்கு என்ன?" என்று கேட்டார். அவர் பார்த்தது இடர் வரைபடம். கேட்டது இடர்நேர்வு வரைபடம். அதற்கு ஆற்றின் அளவீடு மட்டும் போதாது. சுவர் மண்ணா கல்லா, முந்திய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் நிற்கிறது, படுக்கையில் கிடப்பவர் எவர் வீட்டில் இருக்கிறார், வான்கதவு திறக்கும் செய்தி இரவில் யாருக்கு எட்டும் என்பனவும் அதில் ஏறவேண்டும்.

இவ்வரைபடங்களின் ஓரத்தில் வரும் 'நூறாண்டு வெள்ளம்' என்ற தொடரும் நேர்மொழிபெயர்ப்பால் வந்த குழப்பமே. நூறாண்டுக்கு ஒருமுறை வருவது என்று அதற்குப் பொருளில்லை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அவ்வெல்லைக்குள் 30 ஆண்டு குடியிருப்பவர் ஒருமுறையேனும் அதைக் காண்பதற்கு ஏறத்தாழ நூற்றில் 26 வாய்ப்பு உண்டு. ஆகவே 'ஆண்டுக்கு நூற்றிலொரு வாய்ப்புள்ள வெள்ளம்' என்று நீட்டியே எழுதலாம். அப்படி எழுதினால், 'போனமுறை பார்த்தாயிற்று, இனிப் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான்' என்று சொல்லி எவரும் பள்ளத்தில் அத்திவாரம் வெட்டமாட்டார்கள்.