டயர் வாங்கும்போது யாரும் கேட்காத ஒரு கேள்வி

கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டோரம் டயர் கடையும் வீல் அலைன்மென்ட்டும் நடத்துகிறேன். வண்டியை விட்டு இறங்கியதும் கேட்பது இரண்டுதான். "என்ன விலைங்க? எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடுங்க?" மழையில் பிரேக் அடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரே அளவு டயரில் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு விலை இருக்கிறதென்றால், அந்தக் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு போவது இந்தக் கேட்காத கேள்விக்குத்தான்.

முதலில் அளவு. டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம், 15 இஞ்ச் ரிம் என்று பொருள். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. சின்னக் கார்களின் 13, 14 இஞ்ச் அளவுகள் ஏராளமாக ஓடுவதால் விலை கட்டுப்படியாகிறது. 17 இஞ்ச் போனால் மூலப்பொருளும் அதிகம், விற்பனையும் குறைவு. இயற்கை ரப்பர் விலை ஏறினாலும், கச்சா எண்ணெய் விலை ஏறினாலும் டயர் விலை ஏறும். செயற்கை ரப்பரும் கரித்தூளும் எண்ணெயிலிருந்து வருபவை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது எல்லாருக்கும் ஒரு ஆறுதல்.

சரி, அளவு ஒன்றாக இருந்தும் விலை ஏன் வேறு? ரப்பர் கலவை. கெட்டியான கலவை சீக்கிரம் தேயாது; ஆனால் ஈர ரோட்டைப் பிடிக்காது. பிடிமானமான கலவை பொதுவாகச் சீக்கிரம் தேயும். இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தரத்தான் விலை கூடிய டயர்களில் கரித்தூளுக்குப் பதில் சிலிகாவை அதிகம் சேர்க்கிறார்கள். ஈரத்தில் பிடிக்கும், உருளும்போது வீணாகும் சக்தியும் குறையும், அதனால் பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம். ஆனால் சிலிகாவை ரப்பரோடு கலப்பது லேசான வேலை இல்லை; செலவும் அதிகம்.

ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ஆடி மாதத்தில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வால்பாறை போனார். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். சாரலில் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி திரும்பவில்லை, நேரே போய்த் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அப்புறம் வண்டி என்னிடம் வந்தது. "பட்டன் பாதிக்கு மேல இருக்குதுங்களே, அப்புறம் எப்படிங்க வழுக்குச்சு?" என்றார். டயரில் ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறோம். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கொஞ்சமும் பதியவில்லை. பட்டன்களுக்கு நடுவே முடி மாதிரி வெடிப்பு. உள்பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் 0816. அதாவது 2016-ஆம் ஆண்டின் 8-வது வாரத்தில் தயாரானது. அவர் வாங்கி மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது. வேறு ஊர்க் கடையில் பழைய சரக்கைப் புதுசு என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். அன்று அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு வயிறு கலங்கிப்போனது.

விலை கூடிய டயர் எல்லாருக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். தோப்புக்கும் சந்தைக்கும் போய்வருகிற வண்டிக்கு நடுத்தர விலை டயர் தாராளமாகப் போதும். என் வண்டியில் அதுதான் இருக்கிறது. வாராவாரம் சேலம் வழியாக பெங்களூரு போய்வருகிற என் மகன் வண்டிக்கு மட்டும் விலை பார்க்காமல் போட்டேன். அந்த வேகத்தில் மழை பிடித்துக்கொண்டால் பட்டன்தான் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் வண்டி தண்ணீர் மேல் மிதக்கும், ஸ்டீயரிங் கையில் வெறுமனே சுற்றும். கோத்தகிரி, வால்பாறை, திம்பம் என்று அடிக்கடி மலை ஏறுகிறவர்களுக்கும் அதே யோசனைதான்.

என்ன விலை கொடுத்து வாங்கினாலும் காற்றும், அலைன்மென்ட் என்கிற சக்கரங்களின் கோணமும் சரியில்லை என்றால் காசு தண்டம். 15,000 கிலோமீட்டரில் உள்ஓரம் மட்டும் கம்பி தெரியத் தேய்ந்து வந்த உயர்ரக டயர்களைக் கழற்றியிருக்கிறேன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு காற்று என்று இருக்கும்; டயர் சூடாகும் முன்பு அந்த அளவுக்குப் பிடியுங்கள். காற்று குறைந்த டயர் சித்திரை வெயிலில் பக்கவாட்டில் சூடேறித்தான் வெடிக்கிறது. பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அதற்குச் சமமானால் கதை முடிந்தது. மழைக்காலத்துக்கு நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் "முன்னாடிதானுங்க தேயுது, புதுசை முன்னாடியே போடுங்க" என்பார்கள். பின்னால் போடுவதுதான் சரி. முன்சக்கரம் வழுக்கினால் காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

0816 மாதிரி, தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் அந்த நான்கு எண்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். ரிம்மில் ஏற்றும் முன்பே நாலு டயரிலும் கேட்டுப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.