ஆடு மேய்ந்ததால் தப்பிய ஊர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் வாரம் பெர்சி என்றொரு ஊர் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது கூரையில்லாத தேவாலயமும் அதைச் சுற்றிய புல்வெளியும்தான். 1348-49இன் கொள்ளைநோய்தான் ஊரை அழித்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. நோய்க்குப் பிறகும் ஊர் ஒன்றரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. உழவைவிடக் கம்பளியில் லாபம் என்று கண்ட நிலவுடைமையாளர்கள்தான் 1500 வாக்கில் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றி, வயல்களை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டார்கள்.

குடிகளை விரட்டிய அந்த ஆடுகளே ஊரின் தடத்தைக் காப்பாற்றின. ஏர் பட்டிருந்தால் எல்லாம் மட்டமாகியிருக்கும். மேய்ச்சலாகவே கிடந்ததால் வீட்டு மனையும் தெருவும் புல்லுக்கடியில் மேடுபள்ளமாக நின்றுவிட்டன. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஒரு சாண் மேடுகூட நீண்ட நிழல் போடும். விமானத்திலிருந்து படம் எடுத்தால் ஊரின் வரைபடமே கிடைக்கும்.

உழுது மட்டமாகிப்போன ஊர்களைக் காட்டிக்கொடுப்பது பயிர். தூர்ந்த பள்ளத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால் அங்கே பயிர் உயர்ந்து பச்சையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் வேர் இறங்க இடமில்லாததால் சீக்கிரமே மஞ்சளாகும். மழை பொய்த்த ஆண்டில் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். 1976இன் வறட்சியில் பிரிட்டன் வயல்களில் இப்படிப் பல பழைய இடங்கள் தெரியவந்தன.

என்னைக் கேட்டால், இவற்றைவிட அழகானது பாஸ்பேட் சோதனை. மனிதரும் மாடும் கழித்தது, எலும்பு, சாம்பல், எச்சில் சோறு என எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. நைட்ரஜன் மழைநீரோடு கரைந்து போய்விடும். பாஸ்பரஸின் உப்பான பாஸ்பேட்டோ மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியம், கால்சியத்தோடு பிணைந்து நூற்றாண்டுக் கணக்கில் விழுந்த இடத்திலேயே கிடக்கும். 1920களில் ஸ்வீடனின் ஓலோஃப் அர்ரேனியஸ் விவசாயத்துக்காக மண்ணைச் சோதித்தபோது, பாஸ்பேட் மிகுந்த இடங்கள் பழைய குடியிருப்புகளோடு பொருந்துவதைக் கவனித்தார். வீடு எங்கே, தொழுவம் எங்கே என்பதைக்கூட இன்று இதை வைத்து ஊகிக்கிறார்கள்.

சூளை இருந்த இடத்தைக் காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானி சொல்லும். களிமண்ணிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் 580 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் தன் காந்தத்தன்மையை இழக்கும். ஆறும்போது பூமியின் காந்தப்புலத் திசையில் மீண்டும் பெறும். சுட்ட மண் சுற்றுமண்ணிலிருந்து தனித்துத் தெரிவது அதனால்தான்.

இவையெல்லாம் எங்கே தோண்டலாம் என்று காட்டும் வழிகள். தோண்டித்தான் ஆகவேண்டும். வாரம் பெர்சியில் வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் 1950 தொடங்கி 1990 வரை கோடைதோறும் அகழ்ந்தார்கள். குறுகலான குழிகளில் ஏழைக் குடியானவர் வீடு பிடிபடாது. ஒரே மனையில் திரும்பத் திரும்பக் கட்டிய வீடுகளின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்ததால், மனை முழுவதையும் அடுக்கடுக்காகத் திறந்து பார்த்தார்கள்.