ஊருக்குப் போகிற நாளை முதலிலேயே சொல்லுங்கள்

காசநோய் மருந்து தொடங்கி எட்டு வாரம் தாண்டினால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். இருமல் நின்றிருக்கும், பசி எடுக்கும், முகம் தெளிந்திருக்கும். தாராவியில் இருக்கும் நம் நெல்லைக்காரர்கள் அப்போதுதான் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். கோயில் கொடை இருக்கும், தங்கச்சி கல்யாணம் இருக்கும், "ஊர்க் காத்து பட்டாத் தேறிருவ" என்று அம்மா கூப்பிட்டிருப்பாள்.

மும்பையில் அரசுப் பொது சுகாதாரப் பணியில் இருக்கிறேன். எம்.டி.க்குச் சமூக மருத்துவம் எடுத்தபோது, "ஊசி போடாத டாக்டரா?" என்று வீட்டில் வருத்தப்பட்டார்கள். மருந்து இருப்பு, பதிவேடு, கூட்டம் என்றுதான் என் பொழுது போகிறது. மாத்திரை வாங்க வராமல் போனவரைத் தேடுவதும் என் வேலைதான்.

தோல் பை தைக்கும் ஒரு தம்பி மூன்றாம் மாதம் கொடைக்குப் போனார். போன் அணைந்திருந்தது. ஆரோக்கிய சேவிகா, அதாவது எங்கள் சுகாதாரப் பணியாளர், நாலு சந்து அலைந்து அவருடைய அத்தையைக் கண்டுபிடித்தார். தம்பி திரும்பி வருவதற்குள் ஐந்து வாரம் மாத்திரை இல்லை. இருமல் மறுபடி வந்துவிட்டது. சளியைச் சோதித்தால், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கே கிருமி அடங்கவில்லை.

"ஊர்லயும் இதே மாத்திரை ஓசியாக் கெடைக்கும்னு யாரும் சொல்லலியே டாக்டரம்மா?" என்று தம்பி கேட்டார்.

சொல்லாதது எங்கள் தவறு. அந்த வாரத்திலிருந்து சிகிச்சை அட்டை எழுதும்போதே "ஊருக்கு எப்போ போவீங்க?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். என் பதவியால் செய்ய முடிந்தவற்றில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு 4 மாதம் மூன்று. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகும். மந்தமாகப் பதுங்கிக் கிடப்பவற்றைக் கொல்லத்தான் மிச்ச மாதங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயந்து நிறுத்தாதீர்கள், அது ரிஃபாம்பிசினின் நிறம். அரசின் காசநோய்ப் பதிவில் உங்கள் பெயருக்கு ஒரு நிக்‌ஷய் எண் இருக்கும். கிளம்பும் முன் எங்களிடம் சொன்னால், அதை வைத்து உங்கள் சிகிச்சையை ஊர் அரசு மருத்துவமனைக்கு மாற்றிவிடுவோம். சத்துணவுக்கான பணமும், 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய், உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். சந்தேகம் இருந்தால் 1800-11-6666.

தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்க வேண்டாம். காசநோய் காற்றில்தான் பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடுங்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. தாராவியின் பத்துக்குப் பத்து அறைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு தருவது நம் சென்னையில் நடந்த அந்த வேலைதான்.

அந்தத் தம்பிக்கு இப்போது வேறு மருந்து, ஒத்துக்கொள்கிறது. போன வாரம் வந்து, ஆடியில் ஊருக்குப் போகணும் என்று தேதியைச் சொன்னார். அட்டையில் குறித்துக்கொண்டேன்.